சோற்றின் பெயர் மறந்தவர்

‘சோறு’ என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தமிழன் நாணுகின்றான். திருமணப் பந்தியில் இலைமுன் அமர்ந்தால் ‘இன்னுங் கொஞ்சம் சாதம்’ என்கின்றான். உணவு விடுதியில் அமர்ந்தால் ‘ரைசு’ என்கின்றான். எலுமிச்சைச் சோறு ‘இலெமன் ரைசு’ ஆயிற்று. தயிர்ச்சோறு ‘கருடு ரைசு’ ஆயிற்று. சோறு கேட்பவன் பட்டிக்காட்டான், சாதம் கேட்பவன் பண்பட்டவன் என்றொரு பொய்ம்மதிப்பு அவன் நாவிலேயே ஏறி அமர்ந்துவிட்டது. ஏற்றிவைத்தவர் யாரென வினவுவதினும், ஏறவிட்டவன் யாரென வினவுவதே இங்குத் தகும்.

‘சொல்தானே, போனாற் போகட்டும், வயிறு நிறைந்தாற் போதாதா?’ என்பாரும் உளர். அவர்க்குரிய விடை சேலம், நாமக்கல் மாவட்டங்களின் செம்மண் வெளியிற் கிடக்கின்றது. அங்கே சொல் போன வழியிற் கூலமும் போயிற்று; கூலம் போன வழியில் நிலமும் போயிற்று; விளைந்ததற்கு விலை சொல்லும் உரிமையும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கின்றது.

மேற்கே காவிரி எல்லையாகவும், சேர்வராயன்மலை, கஞ்சமலை, போதமலை, கொல்லிமலை எனக் குன்றங்கள் இடையிடையே எழுந்து நிற்கவும் பரந்து கிடக்கும் வெளி அது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்ததும் அம்மண்ணில்தான். ஆயின், அங்குத் தேங்கும் நீரின் பெரும்பகுதி கீழ்நாட்டு வயல்களுக்கே சென்றது. சேலத்துப் புன்செய் வானத்தை நம்பியே வாழ்ந்தது, வாழவும் தெரிந்திருந்தது. கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை, வரகு என மழையின் அளவறிந்து விதைத்தனர்; அவற்றினூடே துவரையும் அவரையும் தட்டைப்பயறும் ஊன்றினர்; கடைசியாகக் கொள்ளு விதைத்தனர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று காத்தது. கேழ்வரகுக் களியும் கீரைக்கடைசலும், கம்பஞ்சோறும் மோரும், சாமைச்சோறும் கொள்ளுப் பருப்பும் அன்றாட உணவாயின. வெறுமனே சோறு என்றால் அன்றைக்கு வீட்டில் எந்தக் கூலம் இருந்ததோ அதனைப் பொங்கியது என்பதே பொருள். பொங்கல் நாளிலோ விருந்தினர் வந்தபோதோ அரிசியைப் பொங்கினால் மட்டும் ‘நெல்லுச்சோறு’ எனத் தனித்துச் சுட்டினர். இன்று நெல்லரிசி ஒன்றே சோறு, எஞ்சியவையெல்லாம் ‘சிறுதானியம்’. கூலம் என்னும் தூய தமிழ்ச்சொல் இருக்கத் தானியம் என்னும் வடசொல்லை இரவல் வாங்கி, அதன் தலையிற் ‘சிறு’ என்னும் தாழ்வையும் ஏற்றி வைத்தனர். மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் என்பதைப் பள்ளியிற் படித்த பிள்ளையும் கூலக்கடையைத் ‘தானியக்கடை’ என்றே சொல்லி வளர்கின்றது.

இத்தகைய பெயர்மாற்றத்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. புதிதாய் வந்தது அடைமொழியின்றி இயற்பெயரைப் பறித்துக்கொள்ளும். பழையது அடைமொழியோடு ஒதுங்கி நிற்கும். வெளியிலிருந்து வந்த வெண்கோழி இன்று வெறுங் ‘கோழி’. முற்றத்திற் கிளறித் தின்ற கோழியோ ‘நாட்டுக்கோழி’. நாமக்கல்லிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகள் சரக்குந்தேறிச் செல்கின்றன. கூண்டிலடைத்த கோழிக்கு வேண்டிய மக்காச்சோளமும் சோயாவும் பிற மாநிலங்களிலிருந்து வண்டி வண்டியாய் வந்திறங்குகின்றன. 1982-இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையைச் செய்தித்தாளிற் பார்த்துத்தான் நாமக்கல்லானும் தன் ஊர் முட்டையின் விலையை அறிகின்றான். கோழி நடக்காத ஊரில் முட்டை மலையெனக் குவிகின்றது. இதனை வளர்ச்சி என்பார் என்க. உணவோடு உறவு என்று எவரும் சொல்லார்.

சேலத்து வரலாற்றில் அடுத்தடுத்த ஈராண்டுகள் நினைந்து பார்க்கத்தக்கன. 1944-இல் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரிக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். 1956 வரை அங்கே பணியாற்றினார். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் அடி தாள் என்றும், கம்புக்கும் சோளத்திற்கும் தட்டு என்றும், கீரைக்குத் தண்டு என்றும், கரும்புக்குக் கழி என்றும் பயிருக்குப் பயிர் வேறு சொல் வைத்த மொழி தமிழ் எனத் தமிழுலகிற்கு எடுத்துக்காட்டியவர் அவர். ஏட்டை மட்டும் புரட்டியவன் அச்சொற்களைக் காணமுடியாது. கொல்லையில் நின்றவனிடம் கேட்டவனுக்கே அவை கிட்டும். தாளையும் தட்டையும் பிரித்துச் சொன்னவன் உழவன். ஒரு பயிரை விதைத்து, களையெடுத்து, அறுத்து, போரடித்து, தூற்றி, புடைத்து, குத்தி, பொங்கி உண்டவனுக்கே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் தேவைப்பட்டது. பொதியைப் பிரித்துக் கொதிநீரிற் போடுபவனுக்கு ஒரு சொல்லே மிகுதி.

அதற்கு முந்திய 1943-இல்தான் சேலத்திற் சவ்வரிசி பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து வந்துகொண்டிருந்த சவ்வரிசியும் மாவும் நின்றுபோயின. சேலத்து மீன்வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபத்லால் சா என்பவரும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் சவ்வரிசியும் செய்யத் தொடங்கினர். முதலிற் கைத்தொழிலாய் இருந்தது, பின்னர்ப் பொறித்தொழிலாயிற்று. ஆற்றூர், இராசிபுரம், சேந்தமங்கலம் எனச் சுற்றிலும் ஆலைகள் எழுந்தன. இந்தியாவில் உண்ணப்படும் சவ்வரிசியில் மிகப்பெரும் பகுதி இவ்வெளியிலிருந்தே செல்கின்றது.

தூய தமிழ் பேசுவார் அயற்பயிரையே வெறுப்பவர் எனச் சிலர் எள்ளி நகையாடுவதுண்டு, அஃது உண்மையன்று. மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர்வழி வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அரசர் அதனைத் தம் நாட்டிற் பரப்பினார். கேழ்வரகும் கம்பும் சோளமுங்கூட மிகப் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையே என்பர் பயிரறிவியலார். கரும்பினை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் தகடூர் அதியமானின் முன்னோர் எனப் புறநானூறே சொல்கின்றது. பயிர் வருவதில் இழிவில்லை. வந்ததைப் பழந்தமிழன் எவ்வாறு வாங்கினான் என்பதே கருதத்தக்கது. கடல்கடந்து வந்த காரக்காயைக் கண்டான். மிளகை நினைந்து மிளகாய் என்றான். மண்ணுக்குள் விளைந்த பருப்பைக் கண்டான், நிலக்கடலை என்றான். மரம்போல் நிமிர்ந்த செடியின் அடியிற் கிழங்கைக் கண்டான்; வள்ளிக்கிழங்கை நினைந்து மரவள்ளி என்றான். பெயரிட்டு, சுவையறிந்து, தீங்கறிந்து, சமைக்கும் முறையறிந்து தன் வீட்டுப் பொருளாக்கிக் கொண்டான். மரவள்ளியில் நஞ்சுண்டு, நன்றாய் வேகவைத்து நீரை வடித்துண்ண வேண்டும் என்பதைச் சேலத்துப் பாட்டி எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்கவில்லை. அயலதையும் தன்னதாக்கினான் அன்றைய தமிழன். தன்னதையும் அயலதாக்கி உண்கின்றான் இன்றைய தமிழன்.

சவ்வரிசியின் கதை அதற்குத் தக்க சான்று. தோலுரித்த கிழங்கை அரைத்து, பாலெடுத்து, தொட்டியிற் படியவைத்து, படிந்த மாவைத் துணித்தூளியிற் குலுக்கி உருட்டி, சட்டியில் வறுத்து, களத்தில் வெயிலிற் காயவைப்பது அத்தொழில். இத்தனை உழைப்பும் சேலத்தாருடையது. உண்பவர் யாவர்? தமிழ்நாட்டில் காய்ச்சற்காரனுக்குக் கஞ்சி, விருந்திற்குப் பாயசமென வழங்கும் பாற்கன்னல், கோடையிற் கூழ்வற்றல், அவ்வளவே. பெருங்கொள்முதல் மராட்டியம், குசராத்து, வங்காளம் முதலிய வடபுலத்தது. ஏகாதசி, நவராத்திரி போன்ற நோன்பு நாள்களிற் கூலவகை உண்ணலாகாது. கிழங்கிற் செய்தது உண்ணலாம் என்பது அவர்தம் வழக்கம். ஆகவே, அரிசியே அல்லாத சவ்வரிசி அங்கே நோன்புணவாயிற்று. வடபுலத்தில் நோன்பு நாள்கள் நெருங்கினால் ஆற்றூரில் விலை ஏறுகின்றது. நோன்பு கழிந்தால் இறங்குகின்றது. நோன்பிருக்கும் மராட்டியத் தாயின்மேற் குற்றமில்லை; அவள் தன் மரபின்படி உண்கின்றாள், தன் உணவின் பெயரைத் தன் மொழியிற் சொல்கின்றாள். தமிழன் செய்யாத இரண்டையும் அவள் செய்கின்றாள்.

அங்கே விற்க வேண்டுமெனின் வெண்மை வேண்டுமாம். கிழங்கின் இயற்கை நிறம் மங்கல்வெண்மை. தோலை முழுதும் நீக்கி, நல்ல நீரிற் பலகாற் கழுவி, பொறுத்துப் படியவைத்தால் போதிய வெண்மை வரும். ஆனால் நீரும் வேண்டும், நேரமும் வேண்டும். குறுக்குவழி தேடியவர் வெளுப்புக் கரைசல்களையும் காடிகளையும் தொட்டியிற் கலந்தனர். மக்காச்சோள மாவைச் சேர்த்து எடையும் கூட்டினர். உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளில் ஆய்ந்து கலப்பட மூட்டைகளைக் கைப்பற்றியது ஒருமுறையன்று, இருமுறையன்று. நேர்மையாய்த் தொழில் நடத்தும் ஆலையுடையாரே முதலில் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்க வேண்டும். சிலர் கொடுக்கவும் செய்தனர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது பழைய பேதைமை. வெளுக்காததைப் பாலே அன்று என்பது புதிய பேதைமை. தவிடு போக்கித் தீட்டிய அரிசி, கரும்பின் நிறம் போக்கிய வெண்சருக்கரை, வெளுத்த சவ்வரிசி என வெள்ளையெல்லாம் உயர்ந்ததென்று எண்ணும் நோய் தட்டில் மட்டும் தங்குவதன்று. கருநிறக் களியைப் பிள்ளையின் தட்டில் வைக்க வெட்கும் தாய்க்கும், தன் தோலின் கருமைக்கு வெட்கும் மகனுக்கும் நோய் ஒன்றே.

களியிற் கருமை இருக்கின்றது. கூடவே எலும்பிற்குரிய சுண்ணாம்பூட்டமும் இருக்கின்றது. 100 கிராம் கேழ்வரகில் அஃது 300 மில்லிகிராமுக்கும் மிகுதி. தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராம் அளவே. சவ்வரிசியில் மாவைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே சொல்லலாம். புரதம் இல்லையென்னும் அளவிற்குக் குறைவு.

உழவனின் நிலையைப் பார்ப்போர் பார்க்கட்டும். மரவள்ளி ஏறத்தாழப் பத்துத் திங்கள் நிலத்திற் கிடக்கும் பயிர். பிடுங்கிய கிழங்கை வைத்திருக்க முடியாது. இரண்டு மூன்று நாளிற் கறுத்துக் கெடும். ஆகவே பிடுங்கிய அன்றே ஆலை வாயிலில் நின்றாக வேண்டும். அங்கே கிழங்கில் மாவு எத்தனை விழுக்காடு என அளந்து அதனைப் ‘புள்ளி’ என்கின்றனர். புள்ளிக்கு இவ்வளவு என்பது விலை. அளவுகோல் வாங்குபவன் கையில். அளப்பவன் வாங்குபவனின் ஆள். புள்ளி குறைந்ததெனச் சொன்னால் உழவன் கிழங்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு எங்கே போவான்? வணிகரின் பிடியிலிருந்து ஆலைகளை மீட்க 1981-இற் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு நிறுவனம் சேலத்தில் தோற்றுவிக்கப்பட்டது. அஃது ஆலையுடையார்க்குக் களஞ்சியம் தந்தது, ஏலம் நடத்தியது, பாராட்டத்தக்கதே. ஆயின், கிழங்கு விளைத்தவனுக்கு அத்தகைய காப்பு எங்கே? கேழ்வரகு விளைத்த அவன் பாட்டன் விலை குறைந்தால் குதிரிற் கொட்டி வைத்தான். பல ஆண்டு கெடாத கூலம் அது. விற்காவிடினும் உண்டான். பாட்டனிடம் இருந்த அந்த மறுப்புரிமை பேரனிடம் இல்லை. தான் உண்ணாததை விளைப்பவன் விற்றே தீரவேண்டியவன். விற்றே தீரவேண்டியவன் கேட்ட விலைக்குக் கொடுத்தே தீரவேண்டியவன்.

ஒற்றைப் பயிரை நம்பிய நிலத்திற்கு வேறோர் இடரும் வந்தது. 2020-இற் கேரளத்திற் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிற் சேலம், நாமக்கல் வயல்களிற் பரவிக் குருத்துகளைச் சுருட்டியது. அப்பூச்சியை அழிக்கும் சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, வளர்த்து, 2022-இற் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் உழவர்க்கு வழங்கத் தொடங்கினர். அறிவியலார் செய்தது நன்றிக்குரிய செயல். எனினும் பலவகை விதைத்த காலத்தில் ஒரு பூச்சி ஒரு மாவட்டத்தையே அச்சுறுத்தியதில்லை. வசிட்டாறும் திருமணிமுத்தாறும் ஆலைக் கழிவால் நாறிக்கிடப்பதையும் இக்கணக்கிற் சேர்த்தே பார்க்க வேண்டும்; கிழங்கின் விலையில் ஆற்றின் விலை சேர்க்கப்படவில்லை.

சமவெளியின் பசி மலையையும் விட்டு வைக்கவில்லை. வல்வில் ஓரியின் கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பல, சில பத்தாண்டுகளுக்குள் மரவள்ளிக்கு மாறின. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளிலும் கிழங்கேற்றிய வண்டிகள் கீழிறங்குகின்றன. கட்டுப்பாட்டுக் கடையின் அரிசி மேலேறுகின்றது. அம்மலையில் சாமை ஒரு பயிரன்று. கட்டவெட்டிச்சாமை, திரிகுலாச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை என வகைவகையாய் மலைமக்கள் காத்து வைத்தனர். முந்தி விளைவது ஒன்று, பிந்தி விளைவது ஒன்று; வறண்ட சரிவிற்கு ஒன்று, வளமான கொல்லைக்கு ஒன்று. ஒரு வகையை விதைப்பவன் இல்லாத ஆண்டு அதன் விதை போகின்றது. விதை போனபின் அப்பெயரைச் சொல்லும் வாயும் ஓய்கின்றது. அகரமுதலியில் ஒரு சொல்லைச் சேர்ப்பது தமிழ்த்தொண்டாயின், அழியவிருக்கும் ஒரு சாமையை ஒரு காணியில் விதைத்துக் காப்பதும் தமிழ்த்தொண்டே. சொற்பொழிவு மேடைகளிற் பின்னதனைப் பேசுவார் அரியர்.

இவ்வாறு விரட்டப்பட்ட கூலம் இப்போது திரும்பி வருகின்றது. எப்படி வருகின்றதென்று பாருங்கள். ஒன்றிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டினை இக்கூலங்களுக்குரிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்த நடுவணரசின் நிதியமைச்சர் இவற்றிற்குச் ‘சிறீ அன்னா’ எனப் பெயர் சூட்டினார். அமைச்சர் தமிழ் மண்ணிற் பிறந்தவர் என்பது தனிக்கொடுமை. ஆயிரமாண்டாய்க் கம்பென்றும் தினையென்றும் வரகென்றும் சாமையென்றும் குதிரைவாலியென்றும் உழவன் பிரித்தறிந்து அழைத்தவையெல்லாம் ஒரே நாளில் ஒரே வடசொல்லுக்குள் அடைக்கப்பட்டன. ஏழையின் தட்டில் இருந்தவரை அது களி, கூழ், இழிவு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி, நாலுமடங்கு விலை பெற்று, செல்வன் வீட்டுக் காலையுணவானபின் அது ‘சிறீ அன்னா’. இதற்குக் கைதட்டிய தமிழரும் உளர்.

தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகள், மொழித்தூய்மை பேசியதோடு அமையவில்லை. உண்ணும் பொருளைப் பற்றியும் ‘பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்’ எனத் தனிநூலே எழுதினார். நாவிற்கு இரண்டு தொழில்: உண்பதும் உரைப்பதும். ஒன்றைத் தூய்தாக்கி மற்றொன்றைக் கண்டவாறு விட்டுவிட அடிகளார் உடன்படவில்லை. இன்று தூயதமிழ் பேசும் தமிழரும், மேடையை விட்டிறங்கியதும் கிட்டிய கடையிற் கிட்டியதை உண்டு, அஃது எங்கே விளைந்தது, எவர் விளைத்தார் எனக் கேளாது எழுந்து போகின்றனர்.

செய்யத்தக்கன எட்டாதவை அல்ல. தமிழ்நாட்டரசு 2023-இல் தருமபுரி, நீலமலை மாவட்டங்களிற் கட்டுப்பாட்டுக் கடைவழி அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு இரண்டு கிலோ வழங்கத் தொடங்கியது. தருமபுரி 1965 வரையும், நாமக்கல் 1996 முடியவும் பழைய சேலம் மாவட்டத்தின் கூறுகளே. மண் ஒன்று, மழை ஒன்று, களியும் ஒன்றே. சேலம், நாமக்கல் மாவட்டத்துக் கடைகள் எல்லாவற்றிலும் கேழ்வரகும் சாமையும் நிலையாகக் கிடைத்தல் வேண்டும். அவற்றை அவ்வட்டார உழவரிடமே அரசு விலை குறித்து வாங்குதல் வேண்டும். ஆலை வாயிலிற் புள்ளி அளக்கும் கருவி அரசு அலுவலர் பொறுப்பில், உழவன் கண்முன் இயங்குதல் வேண்டும். கிழங்கு பயிரிடுவோர் நிலத்தின் ஒரு பங்கிலேனும் தம் வீட்டுக்குரிய கூலத்தை விதைத்துக்கொள்ளின், பேரம் பேசும் நாளில் அவர்க்கு அதுவே துணை. பள்ளிப் பிள்ளையின் நண்பகல் உணவிற் சாமைச்சோறு இடும்போது, இஃது இன்ன ஊர்க் கொல்லையில் விளைந்தது என ஆசிரியர் ஒரு சொல் சொல்லலாம். செலவில்லாத பாடம் அது.

வீட்டிற் செய்யவேண்டியது இன்னும் எளிது. பந்தியில் அமர்ந்தவன் சோறு என்று கேட்கட்டும். பரிமாறுபவன் நகைத்தால் நகைக்கட்டும்.

சவ்வரிசிக்கும் ஒரு முறை உண்டு. ‘சேலம் சவ்வரிசி’ என்னும் பெயருக்கு 2023-இற் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரை வேறெவரும் தம் சரக்கிற்கு இட்டுக்கொள்ளலாகாது எனச் சட்டமே காக்கின்றது. ஆனால் சேலத்திலிருந்து வடபுலம் செல்லும் பொதிகளிற் பலவற்றைப் பாருங்கள்: ‘சாபுதானா’ என்று நாகரி எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பொறித்திருக்கின்றனர். வாங்குபவர் மொழியில் எழுதுவது வணிகமுறை, எழுதட்டும். அதே பொதியில் ஒரு மூலையில், ‘சேலம் சவ்வரிசி’ எனத் தமிழெழுத்தில் இரண்டு சொல் பொறிப்பதை எந்த வடவரும் தடுக்கவில்லை. ஆலையுடையாரிற் பெரும்பாலார் தமிழர். கூட்டுறவு நிறுவனம் இருப்பது சேலத்தில். பொதி தைத்துக் கட்டும் கைகளும் சேலத்தாருடையவை.